தவிட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் பாக்கெட்

ஐம்பத்து நான்கு வயதில், புருஷன் போய்ப் பதினோரு வருஷம் கழித்து, இஸ்திரி வண்டி ஜெயம் கைக்குழந்தைக்குத் தாயானாள். சுமந்தாளா, பெற்றாளா என்றெல்லாம் கேட்கக் கூடாது. பால்வாடி டீச்சர் ஆதிலட்சுமி பக்கத்தில் நின்று சொல்ல, ஒரு மிஷினில் நாலு பொத்தானை அமுக்கினார்கள்; ஜெயம் தாயாகிவிட்டாள். அத்தாட்சிக்குப் போட்டோ போட்ட கார்டு ஒன்றும் வந்தது. அதில் முகம் நிறையப் பவுடரோடு ஜெயம் சிரிப்பாள். மடியில் ஐந்து மாதக் குழந்தை யாரோ கடன் கேட்டதுபோல முழிக்கும்.

இந்தக் கூத்து புரிய வேண்டுமானால் ஆதிலட்சுமியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, வீட்டில் உப்பு கேட்பதைக்கூட ஊர்வலத்தில் கோஷம் போடுவதுபோலத்தான் கேட்பார். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு மெல்லப் பேசத் தெரியாதது ஒரு குற்றமா? எண்பத்தேழில் முதலியார்பேட்டைப் பால்வாடிக்கு டீச்சராக வந்தாள். அவள் 'கைய கழுவு' என்றால் மூன்று தெருவில் பெரியவர்களும் கை கழுவினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியவர் அவள் புருஷன் சக்கரபாணிதான் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பால்வாடிச் சுவரில் 'மூடநம்பிக்கையை ஒழிப்போம்' என்று அவளே எழுதி ஒட்டிய அட்டை. அந்த அட்டைக்குக் கீழேதான் எடை பார்க்கும் தராசு தொங்கும். குழந்தையைத் தூளியில் போட்டுத் தொங்கவிட்டு, முள் ஏழு கிலோ காட்டினால், "ஆறு கிலோ!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். பிறகு குனிந்து ரிஜிஸ்டரில் ஏழு என்று எழுதுவாள். ஊர்க்கண் பொல்லாதது அல்லவா! அட்டையைக் காட்டி யாராவது கேட்டால், "இது மூடநம்பிக்கை இல்ல, ஜாக்கிரதை" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

அந்தத் தெருக்கோடியில் கார்குழலி என்று ஒருத்தி. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. புருஷன் ராஜ்கமல் டைல்ஸ் ஒட்டப் பெங்களூர் போய், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன். அவளுக்கு முதல் பிள்ளை ஏழு மாதத்தில் காய்ச்சலில் போனது. இரண்டாவது ஒன்பது மாதத்தில், வயிற்றுப்போக்கில். இரண்டையும் ரிஜிஸ்டரில் ஆதிலட்சுமிதான் எழுதினாள். இரண்டாவது பெயருக்கு நேரே 'இறப்பு' என்று எழுதிய அன்று பால்வாடியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள், ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

மூன்றாவதாக 2008 ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதி ஒரு பெண் பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் ஆதிலட்சுமியே போய்ச் சொன்னாள். "இத நீ வச்சிக்காத குழலி. தவிட்டுக்கு வித்துடு."

நம் பக்கத்தில் இது தெரிந்த விஷயம்தான். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை அடுத்தவருக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கியவர்தான் தாய், பெற்றவள் சும்மா வளர்த்துக் கொடுக்கிறாள். எமன் வந்து கதவைத் தட்டினால், "இது என் புள்ள இல்லீங்க" என்று சொல்லிவிடலாம். தங்கிவிட்டால் பிறகு அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஜெயம் ஒரு முறம் தவிடு கொண்டுவந்து கொட்டி, பிள்ளையை வாங்கி, குப்பம்மா என்று பெயரும் வைத்தாள். எமனுக்கு அழகான பெயர் பிடிக்குமாம்.

அன்றிலிருந்து கார்குழலி வாயில் 'என் புள்ள' என்ற சொல் வந்ததில்லை. "பெரிம்மாவோட பாப்பா தூங்குது", "பெரிம்மா பாப்பாவுக்குச் சளி" என்றுதான் பேச்சு. ஜெயமும் சும்மா இருப்பாளா? சட்டை தேய்த்துக்கொண்டே, "என் பொண்ணுக்குப் பால் குடுத்தியா? குடுக்கலன்னா வேற ஆளு பாத்துக்குவேன்" என்று மிரட்டுவாள். தனக்கென்று ஒன்று பிறக்காதவள் அவள். அந்த மிரட்டலைச் சொல்லும்போது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஜனவரியில் மிஷின் வந்தது. இனிமேல் சத்துமாவுக்குக் கையெழுத்து வேண்டாம். கார்டைச் சொருகினால் சீட்டு வரும், சீட்டு வந்தால்தான் பாக்கெட். சோதனைக்காக இரண்டே பால்வாடிக்குக் கொடுத்திருந்தார்கள்: முதலியார்பேட்டையில் ஒன்று, தட்டாஞ்சாவடியில் ஒன்று. மிஷின் கம்பெனியிலிருந்து இளஞ்செழியன் என்ற இன்ஜினியர் வந்து உட்கார்ந்து பெயர் ஏற்றினான்.

"குழந்தைக்கு அம்மா பேரு?"

கார்குழலி தரையைப் பார்த்தாள். ஜெயம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். அப்போதாவது ஆதிலட்சுமி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடினால் அவள் ஆதிலட்சுமியா?

"ஜெயம்னு போடு தம்பி. வயசு ஐம்பத்து நாலு."

அவன் ஜெயத்தின் நரைத்த தலையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், டீச்சரின் குரலையும் நினைத்துப் பார்த்தான். பேசாமல் தட்டினான். அப்போது மிஷினும் ஒன்றும் கேட்கவில்லை. கார்டுக்கு ஒரு பாக்கெட், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. ஜெயம் மாதாமாதம் வாங்கிக் கார்குழலியிடம் கொடுத்தாள்.

குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியதும்தான் கஷ்டம் ஆரம்பித்தது. அந்த மாவு பெரியவர்களுக்கான மாவு. எவ்வளவு சலித்துக் கஞ்சி காய்ச்சினாலும் குப்பம்மாவுக்குச் செரிக்கவில்லை. பத்தாம் மாதம் எடை ஆறு கிலோ நூறு. வளர்ச்சி வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே புள்ளி வைக்கும்போது ஆதிலட்சுமியின் பேனா நகரவே மறுத்தது. அன்று குறைத்துக் கத்தவும் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த ஜூனில்தான் நல்ல சேதி வந்தது. பாக்கெட்டெல்லாம் மாறுகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் மஞ்சள் பாக்கெட். பால் பவுடர் கலந்து நைசாக அரைத்தது. ஒரு வயது முடிந்தால் பச்சை. தாய்மாருக்குச் சிவப்பு. லாரியிலிருந்து மஞ்சள் பாக்கெட்டை இறக்கும்போதே ஆதிலட்சுமி ஒன்றைத் தனியாக எடுத்து, 'இது குப்பம்மாவுக்கு' என்று அலமாரியில் வைத்துவிட்டாள். இளஞ்செழியன் வந்து மிஷினுக்கும் புதுப் பட்டியலை ஏற்றிவிட்டுப் போனான்.

மறுநாள் ஜெயம் பவுடர் போட்டுக்கொண்டு வந்து கார்டைச் சொருகினாள். மிஷின் 'கீய்ங்' என்றது. பச்சை விளக்கு வரவில்லை. 'தாய் வயது வரம்பு மீறல். தகுதி இல்லை' என்று எழுத்து ஓடியது.

"என்னா சொல்லுது?" என்றாள் ஜெயம்.

"உனக்கு வயசாயிடுச்சாம்."

"இத யாரு கேட்டது? பல்லு போன மிஷினு, என்னப் பாத்து வயசு சொல்லுதா?"

புதுப் பட்டியலில் தாய்க்கு வயது பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வரை என்று வைத்திருந்தார்கள். கார்குழலி பெயரில் புதுக் கார்டு போடலாமென்றால், குழந்தையின் பிறப்பு நம்பர் ஏற்கெனவே ஜெயம் கார்டில் இருக்கிறதென்று அதுவும் 'கீய்ங்'. சீட்டு இல்லாமல் பாக்கெட்டைத் தூக்கிக் கொடுக்கலாமென்றால் ஒவ்வொன்றிலும் நம்பர். அலமாரியில் மஞ்சள் பாக்கெட் இருக்கிறது. நாலு வீடு தள்ளிக் குழந்தை காய்ந்து கிடக்கிறது. நடுவில் அந்த டப்பா.

ஆதிலட்சுமி போன் போட்ட போடில் இளஞ்செழியன் அன்று மதியமே வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்ளோதானே மேடம்? ஜெயம் கார்டுல இருந்து குழந்தைய நீக்கிட்டு, அந்தம்மா கார்டுல ஏத்திட்டாப் போச்சு" என்று தட்டினான். மிஷின் காரணம் கேட்டது. ஒன்று: இறப்பு. இரண்டு: இடம்பெயர்வு. மூன்று: ஆறு வயது முடிந்தது.

"ஒண்ணாம் நம்பர அமுக்குங்க மேடம். ஒரு நிமிஷ வேலை."

வாசலில் கார்குழலி நின்றிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். திரையைப் பார்த்தாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பிறகு ஆதிலட்சுமி இளஞ்செழியனுக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. "ரெண்டு தடவ என் கையால அத எழுதிட்டேன் தம்பி. மூணாவது தடவ, மிஷினுக்குப் பொய்யாக்கூட எழுத மாட்டேன். இதுல 'தவிட்டுக்கு வித்தது'ன்னு ஒண்ணு போட முடியாதா?"

"அப்படிப் போட்டா ஆபீஸ்ல என்னையே தவிட்டுக்கு வித்துடுவாங்க மேடம்."

"ஒரு முறம்கூடத் தேறாது போ" என்றாள். ஆனாலும் பையன் நல்லவன். டீ குடித்துவிட்டு யோசித்தான். இரண்டாம் நம்பர் இருக்கிறதே! குழந்தை தட்டாஞ்சாவடிக்கு இடம்பெயர்ந்ததாக அனுப்பினால் இந்தக் கார்டிலிருந்து தானாகக் கழிந்துவிடும். அங்கே தாய் நேரில் போய், இது என் குழந்தை என்று சொல்லி, போட்டோ எடுத்துப் புதுக் கார்டு வாங்க வேண்டும். அங்கேயே மஞ்சள் பாக்கெட் கிடைக்கும். அடுத்த மாதம் திரும்ப இங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஆதிலட்சுமிக்கு முகம் மலர்ந்தது. உடனே வாடியது. இது என் குழந்தை என்று சொல்ல வேண்டுமாமே! அதைச் சொல்லாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடு?

சாயங்காலம் கார்குழலி வீட்டில் பஞ்சாயத்து. "ஒரு வயசு ஆவட்டும் டீச்சர். சொல்லிடறேன். இன்னும் ரெண்டு மாசம்தான்" என்றாள் கார்குழலி.

"ரெண்டு மாசம் இது தாங்குமா? எடையப் பாத்தியா நீ?"

"நீங்கதானே டீச்சர் விக்கச் சொன்னீங்க? நீங்கதானே அந்த மிஷின்லயும் அப்படியே போடச் சொன்னீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஆதிலட்சுமியை வாயடைக்க வைத்த முதல் ஆள் கார்குழலிதான். ஆமாம், நான்தான் செய்தேன், இப்போது என்ன செய்யட்டும் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஜெயம்தான் எழுந்தாள்.

"என் பொண்ணு பட்டினி கெடக்கிறத என்னால பாக்க முடியாது. நான் வித்துடறேன். நாளைக்குத் தவிடு எடுத்துக்கினு வா. ஆனா ஒண்ணு, அங்கியே குடுத்து அங்கியே வாங்கணும். நடுவுல ஒரு நிமிஷம்கூட அது யாருமில்லாத புள்ளையா இருக்கக் கூடாது."

மறுநாள் காலை நாலு பேரும் டெம்போவில் ஏறினார்கள்: ஆதிலட்சுமி, ஜெயம், கார்குழலி, ஜெயம் மடியில் குப்பம்மா. மாட்டுத்தீவனக் கடையில் வாங்கிய தவிடு அரசாங்க முத்திரை போட்ட பையில் ஆதிலட்சுமியிடம், முறம் கார்குழலி கக்கத்தில். பஸ் ஸ்டாண்டு திரும்பும்போது டெம்போ ஒரு குலுங்கு குலுங்க, கால்வாசித் தவிடு எதிரில் இருந்தவர் சட்டையில் போய்விட்டது. பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு மனிதர். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு.

"என்னாம்மா இது!" என்று அவர் எகிற, ஜெயம் அதற்கு மேல் எகிறினாள். "அய்யய்யோ! நேத்துதான் தேச்சிக் குடுத்தேன், அதுக்குள்ள இந்தக் கோலமா? இப்படி அழுக்காக்கினா எப்படி?" அவர் திட்ட வந்ததை மறந்து மன்னிப்புக் கேட்டார். இறங்கும்வரை அவர் சட்டையிலிருந்து தவிட்டை வழித்து வழித்துப் பையில் போட்டுக்கொண்டே வந்தாள் ஜெயம். அளவு குறையக் கூடாது என்பதில் அவள் கறார்.

தட்டாஞ்சாவடிப் பால்வாடிக்குப் பக்கத்துச் சுவர் ஒரு தகரப் பட்டறை. அங்கே பிரஸ் மிஷின் 'டமால் டமால்' என்று தகடு அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பால்வாடி டீச்சர் நிர்மலா பாவம், குரலே எழும்பாதவள். பிள்ளைகளுக்குச் சைகையில்தான் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். ஆதிலட்சுமி ஒருத்திதான் அங்கே சகஜமாகப் பேசினாள்.

நிர்மலா மிஷினில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். உதடு அசைந்தது. ஆதிலட்சுமி அதை ஊருக்கே அறிவித்தாள். "குழந்தைக்கு அம்மா யாருன்னு கேக்குறாங்க!"

கார்குழலி முறத்தில் தவிட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். தவிடு ஓரமாகச் சிந்தியது. ஜெயம் முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை நீட்டினாள். நீட்டிய கை உடனே விடவில்லை. கார்குழலி இழுக்க வேண்டியிருந்தது. மறுபடி 'டமால்'. ஆதிலட்சுமிக்குத் தொண்டைவரை வந்தது, 'கார்குழலின்னு போடு' என்று. போன தடவை இவள் சொன்னதால் வந்த வினை போதாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஆயுளில் அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று செய்ததில்லை.

கார்குழலி என்னவோ முணுமுணுத்தாள்.

நிர்மலா காதில் கை வைத்துக் காட்டினாள்.

கார்குழலி கொஞ்சம் உரக்கச் சொன்னாள். 'டமால்'. விழவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க. 'டமால்'. அதற்கு மேல் அவளுக்கே கோபம் வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக் கோபம். குழந்தையை இறுக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான்தாண்டி அம்மா! இது என் புள்ள! நான் பெத்த புள்ள!"

அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் கரண்டு போனது. பிரஸ் நின்றது. அவள் கத்தியது மட்டும் தட்டாஞ்சாவடி முழுக்கக் கேட்டது. பட்டறை ஆட்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் போனவன் சைக்கிளை நிறுத்தினான். எமன் எங்கே இருந்திருந்தாலும் காதில் விழுந்திருக்கும்.

எல்லோரும் குழந்தையையே பார்த்தார்கள். பறந்த தவிட்டுத் தூசியில் குழந்தைக்கு மூக்கு சுருங்கியது. கண்ணை இடுக்கியது. 'அச்சு' என்று தும்மியது.

"நூறு!" என்றாள் ஜெயம்.

"நூறு!" என்றாள் ஆதிலட்சுமி. ஜன்னலில் நின்ற பட்டறைக்காரர்களும் வழக்கம் விடாமல், "நூறு!" என்றார்கள். குழந்தை இன்னொரு தும்மல் போட்டது. "இருநூறு!" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான். கார்குழலி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மிஷின் பாட்டரியில் ஓடியதால் கரண்டு போனது அதற்குத் தெரியாது, சீட்டைத் துப்பிவிட்டது. மஞ்சள் பாக்கெட் கைக்கு வந்தது.

திரும்பி வரும்போது ஜெயம் டெம்போவில் தவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "மாடு வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லு டீச்சரு. இத வச்சிக்கினு நான் என்னா செய்ய?" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தாள்.

ஜூலையில் குழந்தை முதலியார்பேட்டைக்கே 'இடம்பெயர்ந்து' வந்துவிட்டது. பிறகு கார்குழலி ராத்திரியெல்லாம் விழித்திருந்தாள் என்று ஜெயம் சொன்னாள். தன் வாயால் சொன்னது பலித்துவிடுமோ என்று பயம். குழந்தைக்கு ஒரு இருமல் வந்தால் மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் மஞ்சள் கஞ்சி நன்றாகவே இறங்கியது.

ஆகஸ்டு பத்தொன்பது. கார்குழலி வேலைக்கு லீவு போட்டுக் குழந்தையோடு வந்தாள். பின்னாலேயே ஜெயம், அழைப்பில்லாமல், பவுடரோடு. ஆதிலட்சுமி குழந்தையைத் தூளியில் தொங்கவிட்டாள். முள் ஏழைத் தாண்டி ஒரு கோடு போய் நின்றது.

"ஆறு கிலோ!" என்று கத்தினாள் ஆதிலட்சுமி.

"ஏழு நூறு டீச்சர்" என்றாள் கார்குழலி. "சரியாவே சொல்லுங்க. கேக்கிறவங்க கேக்கட்டும்."

ஆதிலட்சுமி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஏழு கிலோ நூறு!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழி கூரையில் ஏறிவிட்டது. புள்ளி இந்த முறை கோட்டுக்கு மேலே விழுந்தது. கார்குழலி கார்டைச் சொருகினாள். அவள் கை பழக்கத்தில் மஞ்சள் அடுக்கின் பக்கம் போனது.

சீட்டு வந்தது. ஆதிலட்சுமி அதை எட்டவைத்துப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"மஞ்சள் இல்ல குழலி. பச்சை."

"நீங்க மாத்துனீங்களா டீச்சர்?"

"நான் ஒண்ணும் தொடல. ஒரு வயசு முடிஞ்சா அதுவே மாத்திக்கும்."

கார்குழலி சீட்டை வாங்கிப் பார்த்தாள். தாய் என்ற இடத்தில் அவள் பெயர். வயது என்ற இடத்தில் ஒன்று. அவள் வீட்டுக்கு இதற்கு முன்னால் அந்த எண் வந்ததில்லை. சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திருடி, பின்னால வரிசை நிக்குது" என்று அதட்டினாள் ஆதிலட்சுமி. ஆனால் அந்தக் குரல் வரிசையில் இரண்டாவதாக நின்றவளுக்கே கேட்கவில்லை. ஜெயம்தான் போய் அடுக்கிலிருந்து பச்சைப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் குழந்தையின் மடியில் வைத்தாள். அது இரண்டு கையாலும் பிடித்து, மூலையைக் கடிக்க ஆரம்பித்தது.